இரும்புக்கை கடல் கடந்த கதை



தமிழ் இலக்கிய வரலாறு என்று நாங்கள் வகுப்பிலே படிப்பிக்கின்ற நூல்களில் சங்க காலம் இருக்கிறது; பக்தி இலக்கியம் இருக்கிறது; நாவலும் சிறுகதையும் இருக்கின்றன. ஒன்பது, பத்து வயதில் எம்மைக் கையைப் பிடித்து வாசிப்பின் வாசலுக்குக் கொண்டுவந்து விட்ட சித்திரக்கதைக்கு அங்கே ஒரு பந்திகூட இல்லை. பாடப் புத்தகத்துக்குள் ஒளித்து வைத்து வாசித்த பொருள் என்பதால், வரலாற்றாசிரியர்களும் அதை ஒளித்தே வைத்துவிட்டார்கள் போலும். இன்றைய உரையில் அத்தகைய ஒரு வீரனின் பதிப்பு வரலாற்றைச் சொல்ல விரும்புகிறேன். அவன் பெயர் இரும்புக்கை மாயாவி.

பதிப்பு வரலாறு என்றால் அச்சான ஆண்டும் பக்கக் கணக்கும்தானே என்று சிலர் எண்ணக்கூடும். சி. வை. தாமோதரம்பிள்ளையும் உ. வே. சாமிநாதையரும் ஏடு தேடி அலைந்த வரலாற்றை அறிந்தவர்கள் அப்படி எண்ணமாட்டார்கள். ஒரு நூல் யார் யார் கையில் இருந்தது, எந்தக் கை அதைக் காப்பாற்றியது, எந்தக் கை அதைத் தவறவிட்டது என்பதெல்லாம் சேர்ந்ததே பதிப்பு வரலாறு. ஏட்டுக்கு உள்ள இந்த நியாயம் மலிவுத் தாளில் அச்சான படக்கதைக்கும் உண்டு.

முதலில் அமெரிக்காவிலிருந்து ஓர் உதாரணத்தை நோக்குவோம். மின்னலைப் போல ஓடுகின்ற 'பிளாஷ்' என்ற வீரனை நேயர்கள் திரைப்படத்திலோ தொலைக்காட்சியிலோ கண்டிருப்பீர்கள். அவன் முதன்முதலில் தோன்றியது 1940 ஜனவரி என்று திகதியிட்ட 'பிளாஷ் கொமிக்ஸ்' முதலாம் இதழில். எழுதியவர் கார்ட்னர் பொக்ஸ். வரைந்தவர் ஹரி லாம்பேர்ட். ஜே கரிக் என்ற கல்லூரி மாணவன் ஆய்வுகூடத்தில் ஓர் ஆவியைச் சுவாசித்து, அதனால் யாரும் எட்ட முடியாத வேகத்தைப் பெறுகிறான். கிரேக்கத் தேவதூதன் ஹெர்மிஸின் தலைக்கவசத்தைப் போலச் சிறகு வைத்த கவசம் அவன் தலையில். 1942 ஏப்ரல் 9ஆம் திகதி யப்பானிய விமானங்கள் எங்கள் திருகோணமலைத் துறைமுகத்தின் மீதும் சீனக்குடாவின் மீதும் குண்டு பொழிந்த அந்த நாட்களில், அமெரிக்கப் பிள்ளைகள் பத்துச் சதம் கொடுத்து இந்த ஓட்டக்காரனை வாங்கி வாசித்துக்கொண்டிருந்தார்கள்.

யுத்தம் முடிந்தபின் இத்தகைய வீரர்களின் மீதிருந்த மோகம் குறைந்தது. 1949இல் அந்த இதழ் நின்றது. ஏழு ஆண்டுகளுக்குப் பின், 1956இல், 'ஷோகேஸ்' நான்காம் இதழில் அதே பெயரோடு வேறொரு மனிதன் வந்தான். அவன் பரி அலன். பொலிஸ் ஆய்வுகூடத்தில் வேலை செய்பவன். மின்னல் தாக்கி, இரசாயனப் போத்தல்கள் மேலே கவிழ்ந்ததால் அவனுக்கு வேகம் வாய்க்கிறது. இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். மின்னல் தாக்குவதற்குச் சற்று முன்னர் அந்த பரி அலன் பழைய பிளாஷ் புத்தகம் ஒன்றை வாசித்துக்கொண்டிருக்கிறான்! பழைய வீரனின் பெயரைப் புதிய வீரனுக்குக் கொடுத்தது அவனுடைய வாசிப்பு. 1961இல் இருவரும் ஒரே கதையில் சந்தித்தார்கள். 1985இல் பரி அலன் இறந்தான். அவனுடைய சீடன் வாலி வெஸ்ட் அந்தப் பெயரை ஏற்றுக்கொண்டான். பட்டப் பெயர் ஒன்று, அதைச் சுமந்த மனிதர் பலர். பாண்டியன் என்ற பெயரைப் பல மன்னர்கள் சுமந்ததைப் போன்ற முறை இது.

எங்கள் இரும்புக்கை மாயாவியின் வரலாறு இதற்கு நேர்மாறானது. அங்கே மனிதன் ஒருவன்தான். நாட்டுக்கு நாடு பெயர்தான் மாறியது.

அவன் பிறந்த இடம் இலண்டன். 1962 ஒக்டோபர் 6ஆம் திகதி 'வலியன்ட்' என்ற சிறுவர் வார இதழ் வெளிவந்தது. பிளீட்வே நிறுவனத்தின் வெளியீடு. முதல் இதழிலேயே 'ஸ்டீல் க்ளோ', அதாவது 'எஃகு நகம்' என்ற தொடர் ஆரம்பமாயிற்று. கதையின் நாயகன் லூயிஸ் கிராண்டல். பேராசிரியர் பாரிஞ்சரின் ஆய்வுகூட உதவியாளன். விபத்தொன்றில் வலக்கையை இழந்து எஃகுக் கை பொருத்திக்கொண்டவன். இன்னொரு விபத்தில் அவன் உடலில் மின்சாரம் பாய்கிறது; உடல் முழுவதும் மறைந்துபோகிறது; எஃகுக் கை மட்டும் அந்தரத்தில் தெரிகிறது. மின்சாரத்தின் வலு வடியும்வரை அவன் அரூபி. வடிந்தவுடன் பழையபடி மனிதன்.

மறைந்துபோகும் மனிதனை 1897இலேயே எச். ஜி. வெல்ஸ் நாவலாக எழுதிவிட்டார். வலியன்ட் தொடரைத் தொடக்கத்தில் எழுதிய கென் புல்மரும் விஞ்ஞானப் புனைகதை எழுத்தாளர்தான். அவர் புதிதாகச் சேர்த்தது மறையாத அந்தக் கை. முழுவதும் மறைந்தவனைப் படத்தில் வரைய முடியாது. ஒரு கை மட்டும் மிஞ்சினால் ஓவியனுக்கு வேலை இருக்கிறது, வாசகனுக்கும் அச்சம் இருக்கிறது. அந்த ஓவியர் பார்சலோனாவைச் சேர்ந்த ஜெஸூஸ் பிளாஸ்கோ. 1919இல் பிறந்து 1995இல் மறைந்தவர். கறுப்பு மையும் வெள்ளைத் தாளும் தவிர வேறெதுவும் இல்லாமல், இரவுத் தெருவின் ஈரத்தையும் மனித முகத்தின் களைப்பையும் காட்டத் தெரிந்தவர். புல்மருக்குப் பின் டொம் டுல்லி என்பவர் நீண்ட காலம் கதையை எழுதினார்.

இந்த மூவரின் பெயரும் அன்றைய வலியன்ட் வாசகனுக்குத் தெரியாது. எழுதியவர் பெயரையும் வரைந்தவர் பெயரையும் அச்சிடுவது அக்காலப் பிரித்தானியச் சிறுவர் இதழ்களின் வழக்கமன்று. வாசகன் கண்டது அவர்கள் கைவேலையை மட்டுமே. கைக்குரியவர் மறைந்தே இருந்தார். கதையில் கிராண்டலுக்கு நேர்ந்தது அவனைப் படைத்தவர்களுக்கும் நேர்ந்தது. இதை நேயர்கள் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

கிராண்டல் தொடக்கத்தில் நல்லவன் அல்லன். மறையும் ஆற்றல் கிடைத்தவுடன் அவன் குற்றத்தின் பக்கம் சாய்ந்தான். பின்னர் திருந்தி, இரகசிய அமைப்பொன்றின் உளவாளியாகிச் சட்டத்தின் பக்கம் நின்றான். உலோகக் கை என்றதும் தமிழ் படித்த எவருக்கும் பொற்கைப் பாண்டியன் நினைவுக்கு வருவான். கீரந்தை என்ற அந்தணன் வீட்டுக் கதவை இரவில் தட்டிவிட்ட தன் கையைத் தானே வெட்டிக்கொண்டு, பொன்னால் கை செய்து பொருத்திய மன்னன். சிலப்பதிகாரத்தின் கட்டுரை காதை அவனை நினைவுகூர்கிறது. பாண்டியனின் கை நீதி வழங்கியதற்கு அடையாளம். கிராண்டலின் கையோ குற்றத்தில் தொடங்கி நீதிக்கு வந்து சேர்ந்தது. இரண்டாயிரம் ஆண்டுப் பழமையுள்ள மொழியில் உலோகக் கை புதுமையான பொருளன்று என்பதை மட்டும் இங்கு சொல்லிவைக்கிறேன்.

வலியன்ட் இதழில் அவன் கதை 1970களின் தொடக்கம்வரை விட்டும் தொட்டும் வந்தது. 1976இல் அந்த இதழே நின்றது. பிறந்த நாட்டில் அவன் மெல்ல மறக்கப்பட்ட அதே காலத்தில்தான் தமிழ் நாட்டின் சிவகாசியில் அவனுக்கு இரண்டாவது பிறப்பு வாய்த்தது.

சிவகாசி என்றால் எங்களுக்குத் தீப்பெட்டியும் வெடியும், சுவரில் தொங்கும் முருகன் படக் கலண்டரும் நினைவுக்கு வரும். அச்சகங்கள் நிறைந்த அந்த ஊரில், எம். சௌந்தரபாண்டியன் என்ற பதிப்பாளர் 1972 ஜனவரியில் 'முத்து காமிக்ஸ்' என்ற வெளியீட்டைத் தொடங்கினார். தொடக்க காலத்தில் ஆசிரியப் பொறுப்பை ஏற்றவர் சிறுவர் எழுத்தாளர் முல்லை தங்கராசன். முதல் வெளியீடு 'இரும்புக்கை மாயாவி'. அதைத் தொடர்ந்து 'உறைபனி மர்மம்', 'நாச அலைகள்', 'பாம்புத் தீவு' என்று அவன் கதைகள் வரிசையாக வந்தன. லாரன்ஸ் – டேவிட், ஜானி நீரோ முதலியோரும் அதே பிளீட்வே களஞ்சியத்திலிருந்து தமிழுக்கு வந்தவர்களே. பின்னர் 1984இல் சௌந்தரபாண்டியனின் மகன் எஸ். விஜயன் இளம் வயதிலேயே 'லயன் காமிக்ஸ்' என்ற இன்னொரு வெளியீட்டைத் தொடங்கினார். அதில் வந்து புகழ்பெற்ற ஸ்பைடரின் கதைகளில் பலவற்றை எழுதியவர், சூப்பர்மேனைப் படைத்த இருவரில் ஒருவரான ஜெரி சீகல். அதுவும் அன்று எங்களுக்குத் தெரியாது.

இந்த இடத்தில் ஒரு தமிழாசிரியன் பேசாமல் இருக்க முடியாது. 'எஃகு நகம்' என்று சொல்லுக்குச் சொல் பெயர்த்திருந்தால் அது கடையிலேயே கிடந்திருக்கும். பெயர்த்தவர் அதை விட்டுவிட்டு 'மாயாவி' என்ற சொல்லை எடுத்தார். இராமகாதையில் மாயாவி ஓர் அசுரன். வாலி அவனைத் துரத்திக்கொண்டு பிலத்துக்குள் புகுந்ததால் வந்த வினைதான் கிட்கிந்தையின் பகை. கண்ணுக்குத் தெரியாமல் நின்று போர் செய்த இந்திரசித்தனை இராவணன் வெட்டு உள்ள எங்கள் ஊர்ப் பிள்ளைக்கு அறிமுகம் செய்யவும் வேண்டியதில்லை. தீமையில் தொடங்கிய கிராண்டலுக்கு அசுர வாடை வீசும் அந்தப் பெயர் எவ்வளவு பொருத்தம் என்பதை நோக்குங்கள். லூயிஸ் கிராண்டல் என்ற பெயர் எம் மனதில் தங்கவேயில்லை. மாயாவி தங்கினான்.

இலக்கணத்தையும் விடவில்லை. இரும்பு, கை, சேர்ந்தால் இரும்புக்கை, வல்லினம் மிகும். பாம்புத் தீவும் அவ்வாறே. உறைபனி என்பது உறைந்த பனி, உறைகின்ற பனி, உறையும் பனி என முக்காலமும் காட்டுகின்ற வினைத்தொகை. மாயாவி சேர்ந்திருந்த உளவு அமைப்புக்குத் தமிழில் வழங்கிய பெயர் 'நிழற்படை'. நிழல் என்பதன் ஈற்று லகரம் பகரத்தின் முன் றகரமாகத் திரிவதற்கு இதைவிட நல்ல உதாரணம் எங்கே கிடைக்கும்? ஊறுகாயையும் பொற்குடத்தையும் சொல்லிப் புரியாத பிள்ளைக்கு உறைபனியையும் நிழற்படையையும் சொல்லிப் புரியவைத்த அனுபவம் எனக்கு உண்டு.

இனி, அவன் எங்கள் கரைக்கு வந்த கதை. முத்து காமிக்ஸ் தொடங்கிய காலம் இலங்கையில் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் இறுகியிருந்த காலம். 1970 முதல் 1977 வரை ஆட்சியிலிருந்த அரசாங்கம் தமிழகச் சஞ்சிகைகள் பலவற்றின் வரவையும் கட்டுப்படுத்தியது. அதனால் உள்ளூர் எழுத்தும் வீரகேசரிப் பிரசுரம் போன்ற முயற்சிகளும் செழித்தன என்பது இலக்கிய வரலாறு பதிவு செய்த செய்தி. அதே ஆண்டுகளில் பிள்ளைகளின் சித்திரக்கதை எப்படி வந்தது என்பது பதிவாகவில்லை. தலைமன்னார்க் கப்பலில் இராமேஸ்வரம் போய் வந்தவர்களின் பயணப் பெட்டியில், சேலைகளுக்கும் கோவில் விபூதிக்கும் நடுவே அது வந்தது என்று எங்கள் வீட்டு மூத்தோர் சொல்வார்கள். 1977க்குப் பின் கட்டுப்பாடு தளர்ந்தது. மாயாவி கடைக்கு வந்தான்.

நான் எழுத்துக் கூட்டி வாசிக்கத் தொடங்கிய 1980களின் இறுதியில் அந்தப் புத்தகங்கள் அட்டை இழந்து, மூலை மடிந்து, பத்துப் பதினைந்து பேர் கைபட்டு வந்தன. சந்தையடியில் கச்சான் சுருளைப் பிரித்தால் சிலவேளை உள்ளே மாயாவியின் ஒரு பக்கம் இருக்கும். கச்சான் தீர்ந்த பின்பும் தாள் தீராது. உவர்மலையில் இருந்த என் பெரியம்மாவின் மகன், எனக்கு அண்ணா முறையானவர், இன்னொரு வேலை செய்தார். இரவலாக வந்த புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்குமுன் சி.ஆர். கொப்பியில் கட்டம் கட்டமாகப் பார்த்து வரைந்துவிடுவார். கதை முடிந்த இடத்திலிருந்து தானாக மேலும் சில பக்கங்களை வரைவார். அவருடைய மாயாவி இலண்டனில் இல்லை. கிண்ணியாத் துறையடியில் படகுக்காகக் காத்து நிற்பான். கோணேசர் மலைப் பாறையில் இரும்புக்கையால் தொற்றி ஏறுவான். "அண்ணா, இது புத்தகத்தில இல்லையே" என்று கேட்டால், "புத்தகத்தில இல்லாததையும் ஆராவது எழுதத்தானே வேணும்" என்பார்.

மின்சாரம் பாய்ந்தால் மறைகின்ற வீரனை நாங்கள் மின்சாரம் இல்லாத இரவுகளில் அரிக்கன் லாம்பின் வெளிச்சத்தில் வாசித்தோம். யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் 1990களின் முற்பகுதியில் ஆண்டுக்கணக்காக அப்படி வாசித்தார்கள். சோதனைச் சாவடியில் வரிசையில் நின்ற ஒரு பிள்ளைக்கு மறைந்துபோகும் ஆற்றல் எவ்வளவு ஆசைக்குரியதாக இருந்திருக்கும் என்பதை இலண்டனில் இருந்து எழுதியவர்கள் எண்ணியிருக்க மாட்டார்கள். பின்னர் எங்கள் ஊர்களில் 'காணாமற் போதல்' என்ற சொல்லுக்கு வேறு பொருள் வந்தது. மின்சாரம் வடிந்ததும் மாயாவி திரும்பி வருவான். எங்கள் ஊரில் காணாமற் போனவர்களுக்காகத் தாய்மார் இன்னும் காத்திருக்கிறார்கள்.

1990 ஜூனில் யுத்தம் மீண்டும் மூண்டு நாங்கள் வீட்டை விட்டு ஓடியபோது, அந்தப் புத்தகங்களும் கொப்பியும் பெட்டியோடு அழிந்தன. எங்கள் வீட்டில் மட்டும் நடந்ததன்று. இடம்பெயர்ந்த குடும்பங்கள் பலவற்றுக்கும் இப்படி ஒரு பெட்டி உண்டு. யாழ்ப்பாணப் பொதுநூலகம் 1981இல் எரிந்தபோது அழிந்தவை எவை என்று சொல்லிக் கண்ணீர் விட எமக்கு ஒரு பட்டியலாவது இருந்தது. சித்திரக்கதை எந்த நூலகத்தின் இறாக்கையிலும் இருக்கவில்லை. அதனால் அழிந்ததற்கும் பட்டியல் இல்லை.

தமிழகத்தில் நிலைமை வேறு. அங்கே வாசகர்கள் பழைய பிரதிகளைப் பழைய புத்தகக் கடைகளில் தேடிச் சேர்த்தார்கள். மறுபதிப்புக் கேட்டு விடாமல் கடிதம் எழுதினார்கள். இடையில் தளர்ந்திருந்த லயன் – முத்து வெளியீடுகள் 2012 ஜனவரியில் புத்துயிர் பெற்றன. மாயாவியின் கதைகளும் நல்ல தாளில் மீண்டும் வந்தன. 2022இல் முத்து காமிக்ஸ் தனது 50ஆவது ஆண்டைக் கொண்டாடியது. ஆங்கிலத்திலோ 2005இல் அலன் மூரின் கருவில் உருவான 'அல்பியன்' என்ற தொடர் கிராண்டலையும் அவனுடைய காலத்து வீரர்களையும் மறதியிலிருந்து எழுப்பியது. 2018இல் ரெபெல்லியன் என்ற நிறுவனம் பழைய பிரித்தானியச் சித்திரக்கதைகளின் பெருந்தொகுதியை வாங்கியது. 2021இல் கிராண்டலின் ஆரம்பக் கதைகளை நூலாக்கியது. வார இதழில் பெயர் காட்டாமல் மறைந்திருந்த புல்மரையும் பிளாஸ்கோவையும் இன்று வாசகன் பெயர் சொல்லி அறிவான். அவர்கள் அதைக் காண உயிரோடு இல்லை. ஆனாலும் மின்சாரம் வடிந்தது, ஆட்கள் தெரிந்தார்கள்.

தமிழ்ப் பக்கத்தில் இன்னும் வடியவில்லை. ஆங்கிலக் குமிழியை அழித்து அதற்குள் தமிழை அடக்கி எழுதிய கை யாருடையது? 'நிழற்படை' என்ற சொல்லை அமைத்தவர் யார்? கப்பலில் கொண்டுவந்தவர், ஒரு இரவுக்கென்று இரவல் கொடுத்தவர், கொப்பியில் வரைந்தவர், இவர்களெல்லாம் யார்? வீரன் தன் வல்லமையால் வாழ்ந்தான் என்று நாம் எண்ணுகிறோம். அவன் ஒவ்வொரு முறையும் பிழைத்தது, பெயர் தெரியாத ஒருவர் அவனைக் கையில் எடுத்ததால்தான்.

ஆகவே நேயர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பரணில் பழைய சித்திரக்கதையோ, பிள்ளைகள் பார்த்து வரைந்த கொப்பியோ இருந்தால் பழைய பேப்பர்காரனுக்குப் போடாதீர்கள். அது எப்போது, யார் மூலம், எந்த ஊரில் உங்கள் கைக்கு வந்தது என்பதை ஒரு துண்டுத் தாளில் எழுதி உள்ளே வையுங்கள். பின்பு ஊர் நூலகத்திடம் காட்டுங்கள். 2005 முதல் இலங்கைத் தமிழ் ஆவணங்களை எண்ணிமப்படுத்திவரும் நூலகம் நிறுவனம் போன்றவற்றையும் நாடலாம். கையால் வரைந்த ஒரு சி.ஆர். கொப்பி எங்கள் மண்ணின் ஆவணம்தான் என்பதில் எனக்கு ஐயமில்லை. எங்கள் கல்லூரியில் உயர்தர வகுப்பு மாணவர்களிடம் இந்தத் தவணையில் ஒரு வேலை கொடுத்திருக்கிறேன். வீட்டிலுள்ள பெரியவர் ஒருவரிடம், அவர் சிறுவயதில் வாசித்த முதல் சித்திரக்கதை எது, அது யாரிடமிருந்து கிடைத்தது என்று கேட்டு ஒரு பக்கம் எழுதிவர வேண்டும். இதுவரை பதினொரு பேர் எழுதிக் கொண்டுவந்திருக்கிறார்கள். அவற்றில் நான்கில் இரும்புக்கை மாயாவி வருகிறான். நான்கிலும் புத்தகத்தை இரவல் கொடுத்தவரின் பெயர் இருக்கிறது.